பழைய ஜிஎன் 125க்கு ஹட்டன்ல அடிச்ச இன்ஜின் கார்ட், எப்படி இருக்கு?

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவ பக்கம் இன்னும் பழைய ஜப்பான் சுசுக்கி ஜிஎன் 125 பைக் வச்சி ஓட்டற ஆக்களுக்காகத்தான் இத எழுதறேன். இன்ஜின் கார்ட் (பைக் விழுந்தா இன்ஜின் அடிபடாம இருக்க முன்னால மாட்டற இரும்பு பைப்) போடலாமா, கடையில வாங்கறதா இல்ல வெல்டிங் கடையில சொல்லி அடிக்கறதான்னு கேக்கறவங்க நெறைய பேரு. நான் அடிச்சி போட்டு ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டி ஒரு தடவ நல்லா விழுந்தும் பாத்தாச்சி, அதனால தைரியமா சொல்றேன்.

மொதல்ல எதுக்கு கார்ட். நம்ம ரோட்ல பைக் பெரிய ஸ்பீட்ல விழறத விட சும்மா நடக்கற வேகத்துல விழறதுதான் கூட. தோட்டத்து கல் ரோட்ல முடக்கு திரும்பறப்ப, கொழுந்து லொறி சேத்தை இழுத்துட்டு வந்து தார் ரோட்ல விட்டுட்டு போன எடத்துல, பாசி புடிச்ச கொங்கிரீட்ல, இப்படித்தான் விழும். வட்டவளை பக்கம் மழைய பத்தி நான் சொல்லணுமா. மெதுவா விழுந்தா ஆளுக்கு ஒண்ணும் ஆகாது, முட்டி கொஞ்சம் தேயும், ஆனா பைக்கோட முழு பாரமும் இன்ஜின் பக்கத்து கவர்ல போய் உக்காரும். அது அலுமினியம் வார்ப்பு, வளையாது, வெடிக்கும். ஜிஎன்ல இடது பக்கம் மெக்னட் கவர், வலது பக்கம் கிளச் கவர். கிளச் கவர் வெடிச்சா ஆயில் ஒழுகும், கவனிக்காம அப்படியே ஓட்டிட்டு போனா ஆயில் இல்லாம இன்ஜினே இறுகி சீஸ் ஆகிரும், அதுக்கு முன்னாடி ஆயில் பின் டயர்ல பட்டு இன்னொரு தடவ விழவும் வாய்ப்பிருக்கு.

ஜிஎன் 1982ல வந்த மாடல், 124 சிசி, காத்துல கூல் ஆகற சிங்கிள் சிலிண்டர். அந்தக் காலத்து ஜப்பான் கவர் இப்ப நல்லதா கெடைக்கறது கஷ்டம், கெடைச்சாலும் ஏற்கனவே எவனோ ஒட்டி வச்சதாத்தான் இருக்கும். வெடிச்சத டிக் வெல்டிங் புடிக்கலாம்தான், ஆனா சூட்டுல கேஸ்கட் உக்கார்ற முகம் கோணிக்கும், அப்பறம் கண்ணாடி மேல எமரி பேப்பர் விரிச்சி தேய்ச்சி தேய்ச்சி சமமாக்கணும், இல்லாட்டி எத்தனை கேஸ்கட் மாத்துனாலும் கசியும். 2020ல வாகன இறக்குமதிய நிப்பாட்டுனதுல இருந்து பழைய பைக்குக்கெல்லாம் கிராக்கி கூடிருச்சி, 2025ல திரும்ப தொறந்தும் புதுசு வாங்கற விலை நமக்கு எங்க எட்டுது, அதனால இருக்கறத காப்பாத்திக்கணும்.

இப்ப கார்ட் விஷயம். மொதல்ல கொழும்பு போனப்ப பஞ்சிகாவத்தையில ஒரு கடையில பளபளன்னு குரோம் கார்ட் ஒண்ணு பாத்தேன், கைல எடுத்து பாத்ததும் வச்சிட்டேன். பைப் ரொம்ப மெல்லிசு, கதிரை செய்யற பைப் மாதிரி. அத கூட விடுங்க, பெரிய பிரச்சின அது மாட்டற எடம். மேல பக்கம் ஃபிரேம்ல கிளாம்ப், கீழ் பக்கம் நேரா இன்ஜினோட முன் மவுண்ட் போல்ட்ல. அதாவது விழுந்தா அந்த அடி பைப் வழியா நேரா இன்ஜின் கேஸ்ல அந்த போல்ட் மாட்டற காதுக்கு போகும். காது ஒடிஞ்சா கவர் மாத்தற கதை இல்ல, இன்ஜின முழுசா கழட்டி கேஸையே மாத்தணும். கவர காப்பாத்த போய் கேஸ குடுக்கறது எந்த ஊர் கணக்கு? கார்ட் வாங்கறவங்க வேற எதப் பாக்காட்டியும் இத ஒண்ண பாருங்க, அடி ஃபிரேமுக்கு போகணும், இன்ஜினுக்கு போகக்கூடாது.

அதான் ஹட்டன் டவுன்ல இருந்து டிக்கோயா போற ரோட்ல இருக்கற ஒரு சின்ன வெல்டிங் கடைக்கு போனேன். கடை பாஸ் (மேஸ்திரி) இரும்பு கேட் மாதிரி வேலைதான் கூட செய்வாரு, ஆனா பழைய பைக் ஆசை உள்ள மனுஷன். போனவுடனே வெலை பேசல, டோர்ச் அடிச்சி பைக்குக்கு கீழ படுத்து பாத்துட்டு, "தம்பி, இதோட ஃபிரேம்ல முன்னால ஒத்த டியூப்தான் இருக்கு, எல்லாத்தையும் அதுலயே புடிக்கணும், இன்ஜின் போல்ட்ல கை வைக்க மாட்டேன்"னாரு. நான் சொல்ல நெனைச்சத அவரே சொல்லிட்டாரு, அங்கயே எனக்கு நம்பிக்கை வந்துருச்சி.

ஒரு இஞ்சி இரும்பு பைப், சுவர் ரெண்டு மில்லி கிட்ட. ஸ்டெயின்லஸ் போடலாமான்னு கேட்டேன், துரு புடிக்காதே. வேணாம்னாரு, விழுந்தா கார்ட் கொஞ்சம் வளைஞ்சி அடிய வாங்கிக்கணும், ரொம்ப வெறப்பா இருந்தா அத்தனையும் ஃபிரேமுக்கு போயிரும், இரும்பு வளைஞ்சா திரும்ப நிமித்தலாம்னாரு. பைப்புக்குள்ள மணல் நெரப்பி ரெண்டு பக்கமும் அடைச்சி சூடு காட்டி வளைச்சாரு, அப்படி செஞ்சாத்தான் வளைவுல பைப் சப்பையாகாது. ஃபிரேம் டியூப்ல மேல ஒண்ணு கீழ ஒண்ணு ரெண்டு துண்டு கிளாம்ப், உள்ள பழைய டயர் டியூப் ரப்பர் சுத்தி. ஃபிரேம்ல வெல்டிங் ஒரு பொட்டு கூட வைக்கல, நாளைக்கு வேணாம்னா கழட்டி வச்சிரலாம், பழைய வண்டிக்கு அது முக்கியம்.

எனக்கு ரொம்ப புடிச்சது கடைசில செஞ்ச வேல. பெற்றோல் டெப்ப மூடி, பெட்டரிய கழட்டி வச்சிட்டு (இல்லாட்டி அசிட் ஒழுகும்), கீழ சாக்கு விரிச்சி பைக்க மெதுவா பக்கவாட்டுல படுக்க வச்சாரு. ஹேண்டில் நுனி, கார்ட், ஃபுட் ரெஸ்ட், இந்த மூணு மட்டும்தான் தரையில தொட்டிச்சி. கிளச் கவருக்கு கீழ கையை விடச் சொன்னாரு, ரெண்டு விரல் தாராளமா போச்சி. மத்த பக்கம் ஒரு விரல்தான் போச்சி, உடனே கழட்டி கார்டோட இடது கைய இன்னும் கொஞ்சம் வெளிய இழுத்து திரும்ப மாட்டுனாரு. அதே நேரம் ரொம்ப வெளிய, ரொம்ப கீழயும் போகக்கூடாது, முடக்குல பைக்க சாய்க்கறப்ப கார்ட் ரோட்ல இடிச்சா அதுவே டயர தூக்கி விட்டு விழுத்தாட்டும்.

விழுந்த கதைக்கு வர்றேன். நோர்வூட்ட தாண்டி ஒரு தேயிலை ஸ்டோர் (ஃபெக்டரி) வாசல் எறக்கத்துல, லொறி விட்ட சேறு, முன் டயர் வழுக்கி வலது பக்கம் அப்படியே படுத்துருச்சி. இன்ஜின் ஓடிட்டே இருந்திச்சி, மொத வேலையா சுவிட்ச ஆஃப் பண்ணேன், படுத்த பைக்ல ஆயில் பம்புக்கு ஆயில் ஒழுங்கா ஏறாது, அப்படியே ஓட விடக்கூடாது. தூக்கி நிறுத்தி பாத்தா கார்ட்ல பெயிண்ட் உரிஞ்சி வெள்ளி மாதிரி ஒரு கோடு, கார்டோட வலது கை அர இஞ்சி கிட்ட பின்னுக்கு வந்திருந்திச்சி, ஃபுட் ரெஸ்ட் மேல மடங்கி இருந்திச்சி, பிரேக் லீவர் நுனி ஒடிஞ்சிருந்திச்சி. கிளச் கவர்ல ஒரு கீறல் இல்ல. கவர் மூட்டு முழுக்க வெரல வச்சி தடவிப் பாத்தேன், ஆயில் பசை கூட இல்ல. ஸ்டார்ட் ஆக கொஞ்சம் நேரம் எடுத்திச்சி, கொஞ்சம் வெள்ளப் புகை விட்டுச்சி, அது படுத்தப்ப ஆயில் மேல ஏறுனது, ரெண்டு நிமிஷத்துல நின்னுருச்சி. அப்பறம் கிளாம்ப கழட்டி ஃபிரேம் டியூப்ப பாத்தேன், நெளிவு இல்ல, இன்ஜின் மவுண்ட் போல்ட் வச்ச மாதிரியே இருந்திச்சி. அன்னைக்கு அந்த பாஸ நெனைச்சி மனசார கும்புட்டேன்.

கொறையும் சொல்லணும். பெயிண்ட் வேல சரியில்ல, ஸ்ப்ரே டின் பெயிண்ட்தான், நம்ம மழைக்கு வெல்டிங் ஓரத்துலயெல்லாம் சீக்கிரமே துரு ஊறிருச்சி. பவுடர் கோட்டிங் செய்ய வசதியிருந்தா வாங்கறப்பவே தனியா குடுத்து செஞ்சிருங்க. பைப் நுனிய அடைச்சிருக்காரு, நல்லது, ஆனா கீழ தண்ணி வடிய ஓட்ட வைக்கல, நான் அப்பறம் டிரில் போட்டேன். சிங்கிள் சிலிண்டர் அதிர்வுல கிளாம்ப் நட் லூஸாகுது, சாதாரண நட்டுக்கு பதிலா நைலோன் வச்ச லொக் நட் கேளுங்க. இன்னொண்ணு, இது முன்பக்கத்ததான் காக்கும். கியர் லீவர் பின்னால இருக்கு, இடது பக்கம் விழுந்தா லீவர் உள்ள மடங்கி கவர குத்தும், அதுக்கு லீவர கவர்ல இருந்து ஒரு விரல் தள்ளி செட் பண்ணி வச்சிக்கிறது ஒண்ணுதான் வழி.

சில பேரு கார்ட்ல பிளாஸ்டிக் ஷீட் கட்டி விடறாங்க, காலுக்கு தண்ணி அடிக்காம இருக்க. காத்துல கூலாகற இன்ஜினுக்கு அத மட்டும் செய்யாதீங்க, ரம்பொடை ஏத்தத்துல செகண்ட் கியர்லயே ஏறறப்ப சிலிண்டர் ஃபின்னுக்கு காத்து போகாட்டி இன்ஜின் வெந்துரும்.

வெல பத்தாயிரத்துக்கு உள்ளதான் ஆச்சி, பைப்பும் கூலியும் சேத்து. வேல முடிய ரெண்டு நாள் எடுத்தாரு, அவசரப்படுத்தாதீங்க. போறவங்க பைக்க கூடவே கொண்டு போங்க, அளவு மட்டும் குடுத்தா அடிக்க மாட்டாரு. படுக்க வச்சி பாக்கறத கட்டாயம் உங்க கண்ணு முன்னாடி செய்ய சொல்லுங்க, ரெண்டு பக்கமும்.