டிரைவ்வேக்கு எந்தத் தார்?

தமிழில் எல்லாமே தார்தான். நிலக்கரியைச் சுட்டு கோக் கரி எடுக்கும்போது வடிகிற பிசினும் தார். கச்சா எண்ணெயை வடித்த பின் அடியில் தங்குகிற பிட்டுமென் என்பதும் தார். ரோடு போடுவது இரண்டாவதை வைத்து. ஆனால் தெருவிலிருந்து வீட்டுக்குக் கார் ஏறி வரும் டிரைவ்வே மேல் பூசுகிற சீல்கோட் வாளிக்குள் இந்த இரண்டில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். காய்ந்த பிறகு இரண்டும் ஒரே கறுப்பு. அதனால் விலையைப் பார்க்கும் முன் உள்ளே இருப்பது எந்தத் தார் என்று பாருங்கள்.

பூச்சு எதற்கு என்பதில் குழப்பம் வேண்டாம். தார்த் தளத்தில் பெரும்பகுதி ஜல்லியும் மணலும். அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் பிட்டுமென் எடையில் 5, 6 சதவீதம்தான். வெயிலும் காற்றும் பட்டுப்பட்டு அது இறுகி, சாம்பல் நிறமாகி, மேலே உள்ள பொடி மணலைக் கைவிட ஆரம்பிக்கும். பெருக்கும்போது விளக்குமாற்றில் கறுப்பு மணல் வருகிறதென்றால் அதுதான் கதை. சீல்கோட் இந்த மேற்பரப்புக்கு ஒரு குடை, அவ்வளவே. எடை தாங்காது. முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்த இடத்தில் பழுது கீழே உள்ள அடித்தளத்தில் இருக்கிறது. அங்கே எதைப் பூசினாலும் பணத்தை மண்ணில் கொட்டுவதுதான்.

இப்போது போட்டியாளர்கள்.

நிலக்கரித் தார்ப் பூச்சுக்கு ஆள் பலம் அதிகம். பழைய காண்ட்ராக்டர்கள் இன்னமும் இதற்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். காரணம் பொய்யில்லை: பெட்ரோலும் எஞ்சின் ஆயிலும் பிட்டுமெனைக் கரைக்கும், ஏனென்றால் எல்லாம் ஒரே கச்சா எண்ணெயின் வாரிசுகள். நிலக்கரித் தார் வேறு வம்சம். ஆயில் சொட்டினாலும் அசையாது. உழைப்பும் கூட. பிட்டுமென் பூச்சு 2, 3 வருடம் தாங்கினால் இது 3 முதல் 5 வருடம் தாங்கும் என்பது தொழிலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

ஆனாலும் வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்தப் பூச்சில் 20 முதல் 35 சதவீதம் வரை நிலக்கரித் தார்ப் பிட்ச், அதாவது அந்தத் தாரை வடித்த பின் மிஞ்சும் கெட்டிப் பிசின், இருக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் அளவீடுகளில், பி.ஏ.ஹெச் எனப்படும் நச்சு ஹைட்ரோகார்பன்கள் பிட்டுமென் பூச்சில் இருப்பதைப் போல இதில் சுமார் ஆயிரம் மடங்கு. டயர் தேய்க்கத் தேய்க்கப் பூச்சு தூளாகி, மழையோடு ஓடைக்கும், செருப்போடு வீட்டுக்குள்ளும் போகும். தரையில் உட்கார்ந்து விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம். டெக்சஸின் ஆஸ்டின் நகரம் 2006 முதல் இதைத் தடை செய்தது. வாஷிங்டன் மாநிலம் 2011-ல் சட்டம் போட்டது. மினசோட்டாவில் 2014-ல் தடை வந்தது. அமெரிக்காவில் ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே தடை இல்லாத பகுதிகளில் காண்ட்ராக்டரிடம் கேட்காமல் விட்டால் இதுதான் வந்து சேர வாய்ப்பு.

கண்டுபிடிக்க மூக்கே போதும். வாளியைத் திறந்ததும் துணி பீரோவில் போடும் பாச்சா உருண்டை வாசனை அடித்தால் அது நிலக்கரித் தார். உருண்டையில் இருக்கும் நாப்தலீன் இதிலும் இருக்கிறது. ஏற்கெனவே பூசிய தரை என்றால் ஒரு துணுக்கைச் சுரண்டி, கண்ணாடிப் புட்டியில் மினரல் ஸ்பிரிட் (பெயின்ட் கரைப்பான்) ஊற்றிப் போட்டு, ஆட்டிவிட்டு அரை மணி நேரம் வையுங்கள். கடும் காபி நிறம் வந்தால் பிட்டுமென். டீ மாதிரி பழுப்பாக நின்றால் நிலக்கரித் தார். பேச்சை நம்பாதவர்கள் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்கி 65996-93-2 என்ற சி.ஏ.எஸ். எண்ணைத் தேடலாம், அது நிலக்கரித் தார்ப் பிட்ச்சின் அடையாள எண்.

பிட்டுமென் எமல்ஷன் இதற்கு நேர் எதிர். களிமண் சேர்த்துத் தண்ணீரில் கலக்கிய பிட்டுமென். விலை மிதம், வாசனை குறைவு, கையில் பட்டால் எரியாது. நிலக்கரித் தார் வெயில் பட்ட தோலில் காந்தும், தெரிந்தவர்கள் நீளக்கை சட்டை இல்லாமல் தொட மாட்டார்கள். எமல்ஷனின் குறை ஆயில்தான். கார் ஒழுகினால் அந்த இடம் இளகிப் பேர்ந்துவிடும். இன்னொன்று, கறுப்பு சீக்கிரம் வெளுக்கும். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அடுத்த பூச்சு எப்போது என்று தரையே சொல்கிறது.

அக்ரிலிக் பூச்சு பணக்கார மாப்பிள்ளை. தார் வகையே அல்ல, பாலிமர். ஆயிலைத் தாங்கும், வெயிலில் நிறம் மங்காது, கறுப்பு தவிர வேறு நிறங்களும் கிடைக்கும். விலையோ மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிடும். அடுத்த சில வருடங்களில் தளத்தையே பெயர்த்துப் புதிதாகப் போடும் உத்தேசம் உள்ளவர்களுக்கு வீண் செலவு. நல்ல தளம், ஒழுகும் பழைய கார், நிலக்கரித் தார் வேண்டாம் என்ற பிடிவாதம், இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டும் வாங்கலாம்.

ஒன்றுமே பூசாமல் விடுவதும் ஒரு போட்டியாளர்தான், அதை யாரும் விற்பதில்லை என்பதால் பேச்சில் வருவதில்லை. புதிதாகப் போட்ட தளத்தை ஆறு மாதமாவது, முடிந்தால் ஒரு வருடம், சும்மா விட வேண்டும். உள்ளே இருக்கும் இலகுவான எண்ணெய்கள் வெளியேறாமல் மூடினால் தரை மெத்தென்றே இருக்கும், பூச்சும் ஒட்டாது. பழைய தளத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் இந்த வருடம் விட்டுவிடலாம். உறிஞ்சிக் கறுத்தால் நேரம் வந்துவிட்டது. வருடாவருடம் பூசுகிறவர்களும் உண்டு. அடுக்கு மேல் அடுக்காகத் தடித்துக் கடைசியில் பழைய பெயின்ட் போல உரிந்து வரும்.

என் ஓட்டு எமல்ஷனுக்கு. ஆனால் எந்த வாளி என்பதைவிட விரிசலுக்கு நீங்கள் செய்ததுதான் அதிக நாள் பேசும். தண்ணீர் கீழே இறங்குவது விரிசல் வழியாக. அடித்தளத்தைக் கெடுப்பதும், குளிர் நாட்டில் உறைந்து தளத்தைத் தூக்குவதும் அந்தத் தண்ணீர். பூச்சு விரிசலை மூடாது. ஆகவே அரை அங்குலம் வரை உள்ள விரிசல்களில் புல்லைப் பிடுங்கி, மண்ணைக் கிளறி எடுத்து, நிரப்பியை ஊற்றிக் காயவிட்ட பிறகே வாளியைத் திறக்க வேண்டும். ஆயில் கறையைக் கழுவி அதற்கென உள்ள பிரைமர் தடவாவிட்டால் அந்த வட்டம் மட்டும் சில மாதத்தில் மீண்டும் எட்டிப் பார்க்கும்.

ஆள் வைப்பதா, நாமே இறங்குவதா? நான் இரண்டும் செய்தேன். முதல் முறை, பக்கத்துத் தெருவில் மிச்சமான சரக்கு இருக்கிறது, பாதி விலை என்று கதவைத் தட்டிய ஒருவரிடம் கொடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் ஸ்பிரே அடித்துவிட்டுப் போனார். விரிசலைத் தொடவே இல்லை. நான்கே மாதத்தில் டயர் போகிற இரு தடமும் சாம்பல். தண்ணீர் அதிகம் ஊற்றி நீட்டிய சரக்கு என்று பிறகு புரிந்தது. அடிக்கும்போது எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும்.

அடுத்த முறை நானும் மச்சானும். 800 சதுர அடிக்கு 19 லிட்டர் வாளி ஐந்து பிடித்தது: முதல் பூச்சுக்கு மூன்று, இரண்டாவதற்கு இரண்டு. வாளியைத் திறந்தால் மேலே பழுப்புத் தண்ணீர், அடியில் இட்லி மாவு போல் திட்டு. முந்தின நாளே தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தால் கலக்குவது பாதி வேலை. "மாப்ளே, தடியாப் போட்டா நாள் தாங்கும்ல?" என்றான் மச்சான். தாங்காது. தடியாகப் போட்டால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். இழுத்து மெல்லிதாக இரண்டு தடவை போடுவதே சரி. வைப்பரால் இழுத்தால் நுண்துளைகளுக்குள் அழுந்தி இறங்கும். ஸ்பிரே வேகமானது, சீரானது, ஆனால் சரக்கு மேலோட்டமாகவே உட்காரும். நல்ல காண்ட்ராக்டர் முதல் பூச்சை இழுத்து இரண்டாவதை ஸ்பிரே அடிப்பார். சரிவான டிரைவ்வே என்றால் மணல் கலந்ததை வாங்குங்கள், மழையில் கால் வழுக்காது.

வானிலை விஷயத்தில் சமரசம் கிடையாது. இரவிலும் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கக் கூடாது, 24 மணி நேரத்துக்கு மழை கூடாது. கார் ஏற ஒன்று, இரண்டு நாள். வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்ட மறக்காதீர்கள். நாங்கள் மறந்தோம். பார்சல் கொண்டுவந்தவரின் பூட்ஸ் தடம் டிரைவ்வேயில் ஆரம்பித்து வெளிர் நிற வாசற்படி வரை ஏறியது. அடுத்த மழையில் போய்விடும் என்றான் மச்சான். மூன்று வருடமாக இருக்கிறது.