கிராண்ட் பிரீயா, லெ மானா?

கார் பந்தயப் படம் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருக்கிறதென்றால் நான் 1966இல் வந்த 'கிராண்ட் பிரீ'யைத்தான் சொல்வேன். இயக்குநர் ஜான் ஃபிராங்கன்ஹைமர் ஓடும் கார்களிலேயே கேமராவைப் பொருத்தினார். நாயகன் ஜேம்ஸ் கார்னர் தானே கார் ஓட்டினார். தொடக்கத்தில் மொனாக்கோவின் குறுகிய தெருக்களில் திரை பல கட்டங்களாகப் பிரியும்போது நமக்கே மூச்சு முட்டும். படத்தொகுப்பு, ஒலி, ஒலி விளைவுகள் என 3 ஆஸ்கர்கள் கிடைத்தன. காதல் காட்சிகள் கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் ஓட்டுநர்களின் பயம் மனதில் தங்குகிறது.

ஸ்டீவ் மெக்வீன் நடித்த 'லெ மான்' (1971) வேறு ரகம். பிரான்சின் லெ மான் நகரில் 1970இல் நடந்த 24 மணி நேரப் பந்தயத்திலேயே படம் பிடித்த காட்சிகள், மிகக் குறைந்த வசனம். சரி, இன்ஜின் சத்தமே போதும் என்பவர்களுக்கு அது.