பந்து முதலில், புல் பிறகு: துண்டா, கோடா, போர்டா, பையா?

கோல்ஃபில் அயர்ன் (உலோகத் தலை கொண்ட மட்டை) அடிக்கும்போது கிளப், அதாவது மட்டை, முதலில் பந்தைத் தொட வேண்டும், அதன் பிறகே தரையைக் கீற வேண்டும். இது தெரியாமல் யாரும் கோல்ஃப் ஆடுவதில்லை. இருந்தும் பந்துக்குப் பின்னால் மண்ணைக் கிளறிவிட்டு, பாதித் தூரத்தில் விழுந்த பந்தை வெறித்துப் பார்ப்பவர்களுக்கு எந்தப் பயிற்சி ரேஞ்சிலும் குறைவில்லை. இதற்கு மருந்தாகச் சொல்லப்படும் பயிற்சிகளில் நான்கு பிரபலம். நான்கும் ஒரே நோயைத் தீர்ப்பவை என்பதுதான் எனக்கு ஒப்பாத இடம்.

ஸ்விங் ஒரு வளைவு. அதன் மிகத் தாழ்ந்த புள்ளி எங்கே விழுகிறது என்பதுதான் விஷயமே. தொழில்முறை ஆட்டக்காரர்களின் 7 அயர்ன் சுமார் 4 டிகிரி கீழ்நோக்கி இறங்கியபடியே பந்தைச் சந்திக்கிறது. தாழ்ந்த புள்ளி பந்தைத் தாண்டிச் சில அங்குலம் முன்னால் இருக்கும். நம் போன்றவர்களுக்கு அது பின்னால் தங்கிவிடுகிறது. வலது கைக்காரர் என்றால் எடை வலது காலிலேயே நின்றுவிடுகிறது, பந்தைத் தூக்கிவிடும் ஆசையில் மணிக்கட்டும் சீக்கிரமே அவிழ்ந்துவிடுகிறது.

முதலில் துண்டு. மடித்த துண்டைப் பந்துக்கு நாலைந்து அங்குலம் பின்னால் போட்டு, அதைத் தொடாமல் அடிக்க வேண்டும். செலவில்லை, செயற்கைப் புல் விரிப்பான ‘மேட்’ மீதும் செய்யலாம். ‘மேட்’ என்றால் இது அவசியம் என்றே சொல்வேன். கிளப் பின்னால் விழுந்தாலும் அதன் அடிப்பாகம் செயற்கைப் புல்லில் வழுக்கிப் போய்ப் பந்தை அடித்துவிடும். பந்தும் அழகாகப் பறந்து நம்மை ஏமாற்றும். துண்டிடம் அந்த ஏமாற்று செல்லாது. ஆனால் துண்டையே ஏமாற்ற வழி உண்டு: எடையைப் பின்காலில் வைத்தபடி கைகளைக் குறுக்கி, பந்தின் நடுவயிற்றில் தட்டினால் துண்டு அசையாது. ஃபேட் (பந்துக்குப் பின்னால் மண்ணில் படும் அடி) போய் தின் (பந்தின் நடுவயிற்றில் படும் அடி) வந்திருக்கும், அவ்வளவுதான்.

கோடு அப்படி விடாது. பயிற்சி பங்கரில், அதாவது மணல் குழியில், இலக்குத் திசைக்குக் குறுக்கே ஒரு கோடு கிழித்து, பந்தில்லாமல் கோட்டின் மேல் ஸ்விங் செய்துகொண்டே நகருங்கள். கீறல் கோட்டில் தொடங்கி முன்பக்கம் போனால் சரி. எங்கே தொடங்கியது, எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் சாய்ந்தது என்று மூன்று தகவலும் மணலிலேயே எழுதப்பட்டிருக்கும். புல்லில் கோடு போட ஸ்ப்ரே அடிக்க அனுமதி இல்லையென்றால் இரண்டு டீயை (பந்தை ஏற்றி வைக்கும் சிறு முளை) இரு முனையிலும் தரையோடு அழுத்தி, இடையில் கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒரு சிக்கல்: பந்தில்லாதபோது எல்லோருமே நன்றாகத்தான் ஆடுகிறோம். பந்து வந்ததும் தூக்கும் ஆசையும் கூடவே வந்துவிடும். அதனால் கோட்டின் மேல் பந்தை வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று என மாற்றி மாற்றி அடிப்பதே பலன் தரும். (போட்டியில் பங்கரில் பந்து கிடக்கும்போது மணலில் இப்படி ஒத்திகை பார்த்தால் தண்டம் உண்டு, ஞாபகம் இருக்கட்டும்.)

டிவோட் (கிளப் தரையில் விடும் கீறல்) போர்டு என்ற பயிற்சிப் பலகை இந்தக் கோட்டின் வீட்டுப் பதிப்பு. கிளப் உரசிய இடத்தில் பரப்பு நிறம் மாறும், கையால் தடவினால் பழைய நிலைக்குத் திரும்பும். தொட்ட இடமும் போன திசையும் உடனே தெரிகின்றன. மண்ணின் எதிர்ப்பு இல்லாததால் ஆழம் மட்டும் தெரியாது. விலையும் கொஞ்சம் கனம். புல் ரேஞ்ச் பக்கத்தில் இருப்பவர் வாங்கத் தேவையில்லை. மாடி வீட்டில் இருந்துகொண்டு வார இறுதியில் மட்டும் மைதானம் பார்ப்பவருக்கு நான்கில் இதுதான் பொருத்தம்.

கிளப்பால் மோதிப் பழகும் இம்பேக்ட் பையை இந்தப் பட்டியலில் சேர்ப்பதே தவறு. அடிபடும் நொடியில் கைகள் கிளப் முகத்துக்கு முன்னால் இருக்கும் உணர்வை அது கற்றுத்தரும். தரையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. பையில் மோதி நிற்கப் பழகியவருக்கு ஸ்விங்கை முழுசாக முடிக்கும் பழக்கமும் கெடலாம்.

ஆக, புல்லோ மணலோ கிடைத்தால் என் ஓட்டு கோட்டுக்கு. மேட் மட்டும்தான் என்றால் துண்டு, 9 அயர்ன், இடுப்பு உயரம் வரைக்கும் ஸ்விங். தின் அடிகள் தொடர்ந்து வந்தால் துண்டை எடுத்துவிட்டு, தொடங்கும்போதே இடது காலில் கொஞ்சம் கூடுதல் எடை வைத்து அடித்துப் பாருங்கள்.