“ஒருமுறை மட்டுமே சுட்டது” என்று விற்கப்படும் தோட்டா உறைகள்: வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் முதன்மைப் பருவம், நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள்களே நீடிக்கும். அதற்கென என் .30-06 வகை ரைஃபிளுக்கு, சுட்டபின் மிஞ்சும் பித்தளை உறைகளில் மீண்டும் பவுடரும் குண்டும் வைத்து நானே தோட்டா நிரப்பிக்கொள்வது பல ஆண்டுப் பழக்கம். சென்ற இலையுதிர் காலத்தில் உறைகள் தீர்ந்துபோனதால், ஒரு துப்பாக்கிச் சந்தையில் 200 பித்தளை உறைகளை 110 டாலர் கொடுத்து வாங்கினேன். தொழிற்சாலைத் தோட்டாக்களில் ஒரே ஒருமுறை சுடப்பட்டவை என்றும், ப்ரைமரை (உறையின் அடிக்குழியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடியை) கழற்றிக் கழுவியதைத் தவிர எதுவும் செய்யவில்லை என்றும் விற்றவர் உறுதியாகச் சொன்னார். பொன்போலப் பளபளத்த அவற்றைப் பார்த்து நானும் நம்பிவிட்டேன்.

முதலில் 20 உறைகளை எடுத்து, டை எனப்படும் அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, கையேட்டில் உள்ள தொடக்க அளவு பவுடரையே நிரப்பினேன். புதிய ப்ரைமரைப் பொருத்தும்போது நான்கைந்து உறைகளில் அது கட்டைவிரலின் லேசான அழுத்தத்துக்கே உள்ளே போய்விட்டது. பலமுறை சுடப்பட்டுக் குழி தளர்ந்த உறையில்தான் அப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தும், அந்த உறைகளை மட்டும் ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

சுடுதளத்தில் ஏழாவது தோட்டாவைச் சுட்டபோது முகத்தில் சூடான காற்று அடித்தது. குழலின் பின்புறத்தை மூடும் போல்ட்டை இழுத்தால் உறையின் அடிப்பாகம் மட்டும் வெளியே வந்தது. மேல்பாகம் முழுவதும் குழலுக்குள்ளேயே இறுகிக் கிடந்தது. இந்த வகைத் தோட்டாவின் உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது.

தொலைபேசியில் கேட்டதற்கு, நான் டையைத் தவறாக வைத்து உறையின் தோளை (வாய்க்குக் கீழே குறுகும் சரிவை) அதிகமாகப் பின்னுக்குத் தள்ளியதே காரணம் என்றார் விற்றவர். அப்படியும் நடக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது. சுடும்போது உறையின் முன்பகுதி குழல்சுவரைப் பிடித்துக்கொள்ள, அடிப்பகுதி மட்டும் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. தோள் பின்தள்ளப்பட்டு இடைவெளி கூடக்கூட, அடிக்குச் சற்று மேலே பித்தளை இழுபட்டு மெலிந்துகொண்டே போகிறது. ஆனால் என் டை தொடாத 180 உறைகள் அப்படியே பையில் இருந்தன. காகிதக் கவ்வி ஒன்றை நிமிர்த்தி, நுனியைச் சிறு கொக்கியாக வளைத்து, ஒவ்வோர் உறைக்குள்ளும் விட்டு அடியிலிருந்து மேல்நோக்கி உரசிப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்டவற்றில் கொக்கி ஒரே இடத்தில் பள்ளத்தில் இடறி நின்றது. ஒன்றை ரம்பத்தால் நெடுக்காக அறுத்தபோது, கனமான சுவரின் நடுவே நகத்தால் கீறியதுபோல ஒரு பள்ளமும், அந்த இடத்தில் மட்டும் தாள் கனத்துக்குத் தேய்ந்த பித்தளையும் கண்ணுக்கே தெரிந்தன.

பிறகுதான் மற்றவை புலப்பட்டன. எல்லா உறைகளும் 2.484 அங்குலத்துக்கே சீராக வெட்டப்பட்டிருந்தன. வாயின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் கருவியால் சீவப்பட்டிருந்தன. கழுவியதைத் தவிர வேறெதுவும் செய்யாத உறையில் இவை இருக்க வாய்ப்பே இல்லை. பணம் திரும்பக் கிடைக்கவில்லை; சந்தையில் விற்ற பொருளுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லி விற்றவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

பழைய உறை வாங்குவதானால், சுட்ட ப்ரைமர் கழற்றப்படாமல், மெருகேற்றப்படாமல், கரியோடு இருப்பதையே கேளுங்கள். பளபளப்பு நல்லதற்கு அடையாளமன்று. அடிக்கு மேலே வளையம்போலத் தெரியும் வெளிர்கோட்டை மெருகு மறைத்துவிடும். கவ்விக் கொக்கியைச் சட்டைப்பையில் வைத்திருந்து, விற்பவர் முன்னிலையிலேயே பத்து உறைகளையாவது சோதியுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

உள்ளே சிக்கிய பாகத்தைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவர்தான் எடுத்துக் கொடுத்தார். வேறொருவர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, எஞ்சியிருந்த எல்லா உறைகளின் வாயையும் இடுக்கியால் நசுக்கி, பழைய உலோகம் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன்.