“என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்ட ஸ்கேன் சென்டர்

முதுகுவலிக்காக இரண்டு இடங்களில் எம்ஆர்ஐ எடுத்திருக்கிறேன். இரண்டும் கோவையில்தான். இந்த விமர்சனம் இரண்டாவது சென்டரைப் பற்றியது. காந்திபுரத்துப் பக்கம், மருந்துக்கடைக்கு மேல் முதல் மாடியில் இருக்கிறது. பெயர் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

எனக்கு வயது 31. கணபதியில் லேத் பட்டறை வேலை. வலி என்றால் சாதாரண வலி இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிவிடும். பிட்டத்தில் ஒரு வாரம் வலது பக்கம், அடுத்த வாரம் இடது பக்கம். காலையில் எழுந்தால் முக்கால் மணி நேரத்துக்கு உடம்பு மரக்கட்டை. பட்டறைக்குப் போய் மெஷினில் நின்று ரெண்டு ஜாப் முடிப்பதற்குள் இளகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ரெஸ்ட் எடுத்தால்தான் அதிகமாகும். இதை எல்லா டாக்டரிடமும் சொன்னேன். “நின்னு வேலை செய்யறவங்களுக்கு வர்றதுதான்” என்றே பதில் வந்தது.

முதல் எம்ஆர்ஐ மூன்று வருடத்துக்கு முன் வேறொரு சென்டரில் எடுத்தது. நடு முதுகிலிருந்து கீழ் முதுகு வரைக்கும் படம். கீழ் முதுகில் எல்4, எல்5 என்கிற எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட். அந்த ஒரு வரியை நம்பி ரெண்டு வருடம் பெல்ட் கட்டினேன், இழுவை வைத்தேன், வேலையைக் குறைத்துப் படுத்தே கிடந்தேன். என் நோய்க்குப் படுப்பதுதான் ஆகாது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

பிறகு போன மூட்டுவாத டாக்டர்தான் இடத்தைத் தொட்டுக் காட்டினார். பெல்ட் போடும் இடத்துக்குக் கீழே, பின்பக்கம் ரெண்டு குழி இருக்குமே, அதற்குள்ளே இருக்கிற எஸ்.ஐ. ஜாயிண்ட். முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டு. அதில் அழற்சி வரும் நோயாக இருக்கும் என்பது அவர் சந்தேகம். பழைய எம்ஆர்ஐயில் அது முழுசாக வரவே இல்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார், சந்தேகமாகத்தான் இருந்தது. எலும்பு அரித்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும், அதற்குப் பல வருடம் ஆகலாம் என்றார். 1984-ல் இந்த நோய்க்கு வகுத்த அளவுகோல் எக்ஸ்ரேயை வைத்துத்தானாம். 2009-ல் வந்த அளவுகோலில்தான் எம்ஆர்ஐயையும் சேர்த்தார்களாம். சீட்டில் “எஸ்.ஐ. ஜாயிண்ட், ஸ்டிர் வேண்டும்” என்று எழுதி அடிக்கோடு போட்டுக் கொடுத்தார். ஸ்டிர் என்பது எம்ஆர்ஐ படத்தில் ஒரு வகை.

இனி சென்டர். கவுண்டரில் சீட்டை வாங்கின டெக்னீசியன் பொண்ணு பணத்தைப் பற்றிப் பேசவில்லை. “அண்ணா, என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்டது. லேத்து, கிரைண்டிங் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டது. “கண்ணுல எப்பவாவது இரும்புத்தூள் விழுந்திருக்குங்களா?”

விழாமல் இருக்குமா? எங்கள் வேலையில் அது வாராவாரம் நடக்கும். உடனே முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். எம்ஆர்ஐ மெஷினின் காந்தம் எந்நேரமும் ஆனில்தான் இருக்கும், கண்ணுக்குள்ளே சின்ன இரும்புப் பிசிறு தங்கியிருந்தாலும் அது நகர்ந்து பார்வையைக் கெடுத்துவிடும் என்று விளக்கிச் சொன்னது. முதல் சென்டரில் மோதிரம், அரைஞாண் கயிற்று வெள்ளித்தாயத்து எல்லாம் கழட்டச் சொன்னார்கள், இதைக் கேட்கவே இல்லை. பட்டறைத் தம்பிகளே, வெல்டிங், கிரைண்டிங் செய்கிறவர்களே, அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. பேச்சுவாக்கில், ரெண்டு தடவை கண் ரத்தமாகச் சிவந்து வெளிச்சம் பார்க்க முடியாமல் போனது, தூள் விழுந்தது என்று நினைத்துப் போனால் கண் டாக்டர் உள்ளே அழற்சி என்று சொட்டு மருந்து கொடுத்தார் என்று சொன்னேன். அந்தப் பொண்ணு அதையும் படிவத்தில் எழுதிக்கொண்டது. ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே அது வந்திருந்தது. மூட்டுவாத டாக்டர் அந்த வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கண்ணும் இதே நோயின் வேலைதானாம். அவரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஸ்கேன் அரை மணி நேரம். சத்தத்துக்குக் காதில் பஞ்சும் ஹெட்போனும் கொடுத்தார்கள். மல்லாந்து படுத்தால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்றதும் முழங்காலுக்கடியில் தலையணை வைத்து, ஏசி குளிருக்குப் போர்வையும் போட்டார்கள். படத்தை எடுப்பாகக் காட்டுகிற கான்ட்ராஸ்ட் ஊசி போடவில்லை, இதற்குப் பெரும்பாலும் தேவைப்படாது என்றார்கள்.

முடிந்ததும் ரேடியாலஜி டாக்டரே உள்ளே கூப்பிட்டார். திரையில் ஒரே இடத்தின் ரெண்டு படம். ஒன்று ஸ்டிர். அதில் கொழுப்பை அமுக்கிவிடுவார்கள், நீர் கோத்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். என் எலும்பு முழுக்கச் சாம்பல் நிறம், மூட்டின் ரெண்டு கரையிலும் மட்டும் பால் சிந்தின மாதிரி வெள்ளை. இன்னொன்று டி1, எலும்பின் அமைப்பைக் காட்டுகிற படம். மூட்டின் கோடு நேராக இருக்க வேண்டியது. மழுங்கின டூலில் கடைசல் பிடித்தால் ஜாபின் ஓரம் பிய்ந்து பிய்ந்து வருமே, அப்படியே இருந்தது. எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அவரும் வேலையைத்தான் கேட்டார். எவ்வளவு எடை தூக்குவீர்கள், எத்தனை வருடமாக என்று. எடை தூக்குகிறவர்களுக்கும், ஓடுகிறவர்களுக்கும், பிரசவமான பெண்களுக்கும்கூட இந்த வெள்ளை கொஞ்சம் தெரியுமாம். “வெள்ளைய மட்டும் பாத்து முடிவு கட்டக்கூடாது தம்பி. ஓரம் அரிச்சிருக்கு பாருங்க, அதையும் சேத்துத்தான் எழுதறேன்” என்றார். இந்த நோயோடு தொடர்புள்ள ஹெச்எல்ஏ-பி27 மரபணுவுக்கான ரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ். ஆனால் அது இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதில்லை, அதனால் ரத்தம், படம், வலியின் கதை மூன்றையும் வைத்துத்தான் மூட்டுவாத டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார்: ஆக்ஸியல் ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ். முதுகெலும்பையும் எஸ்.ஐ. ஜாயிண்டையும் தாக்கும் மூட்டுவாதம். இப்போது மாத்திரையும் தினமும் உடற்பயிற்சியும். மூன்று மணி விழிப்பு நின்றிருக்கிறது.

குறைகளும் உண்டு. லிஃப்ட் இல்லை, முதுகு பிடித்துப்போய் வருகிறவர்களுக்கு அந்தப் படிக்கட்டு கொடுமை. கைப்பிடிக் கம்பியாவது ரெண்டு பக்கமும் வைக்கலாம். சொன்ன நேரத்துக்கு ரெண்டு மணி நேரம் தாமதமாகத்தான் உள்ளே விட்டார்கள், உட்கார வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை, நடந்துகொண்டே இருந்தேன். ரிப்போர்ட் மறுநாள் சாயங்காலம். எக்ஸ்ரேயும் சேர்த்து 7,000 ரூபாய் ஆனது. கண் எக்ஸ்ரேக்குத் தனியாக வாங்குவார்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

போகிறவர்கள் காலை முதல் ஸ்லாட் கேளுங்கள். ஃபிலிமோடு சிடியும் கேட்டு வாங்குங்கள், டாக்டர் சிடியைத்தான் கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொரு வெட்டாகத் தள்ளிப் பார்த்தார். பழைய எக்ஸ்ரே வீட்டில் கிடந்தால் அதையும் எடுத்துப் போங்கள். என்னுடையதைப் பரண்மேல் இருந்து அம்மா தேடி எடுத்துக் கொடுத்தார்.