இடைவெளிக்குப் பின் ஆசிரியப் பணி: தனியார் பள்ளியா, அரசுத் தேர்வா?

பி.எட். முடித்து இரண்டு மூன்று வருடம் பாடம் நடத்திவிட்டு, கல்யாணம், குழந்தைகள் என்று பத்து வருடம் வீட்டிலேயே இருந்துவிட்ட பெண்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன.

தனியார் பள்ளியில் சீக்கிரம் சேரலாம். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் ஆள் எடுப்பார்கள். பயோடேட்டாவோடு போனால் ஒரு டெமோ வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். தடுமாற்றம் வருவது அங்கேதான். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 2018-இலிருந்து அடியோடு மாறிவிட்டன, பழைய நோட்ஸ் உதவாது. புதுப் புத்தகத்தை வாங்கி, ஒரு பாடத்தை உங்கள் பிள்ளைகளை உட்காரவைத்து வாய்விட்டு நடத்திப் பாருங்கள். சம்பளம் குறைவுதான், திருத்த வேண்டிய நோட்டுகளும் வீடு வரை வரும். ஆனால் விட்டுப்போன குரலும் தைரியமும் வகுப்பறையில் நின்றால்தான் திரும்பும்.

அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக வேண்டுமென்றால் டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் எழுத வேண்டும். மொத்தம் 150 மதிப்பெண், பொதுப் பிரிவுக்கு 90 தேவை. ஒருமுறை தேறினால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் அதோடு வேலை கிடைத்துவிடாது. நியமனத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வு தனி. அறிவிப்புக்காக வீட்டில் காத்திருந்தால் இடைவெளி இன்னும் நீளும்.

அதனால் முதலில் பள்ளியில் சேருங்கள் என்பேன், வருமானத்துக்கு அவசரம் இல்லாவிட்டாலும். டெட் தாளில் குழந்தை மேம்பாட்டுக்கு 30 கேள்விகள் உண்டு. தினமும் பிள்ளைகளோடு இருப்பவருக்கு அந்தப் பகுதி சுலபமாகப் பிடிபடும். படிப்பதற்கு விடியற்காலை ஒரு மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். வயது வரம்பை மட்டும் ஒவ்வொரு அறிவிப்பிலும் புதிதாகப் பாருங்கள்.