8×42 பைனாகுலர்: ரெண்டு குட்டி ஆந்தைய வச்சு ஒரு ரிவ்யூ

பைனாகுலர் நல்லதான்னு தெரியணும்னா புள்ளி ஆந்தையையும் ஃபாரஸ்ட் அவ்லெட்டையும் அதுல பாருங்க. ரெண்டும் நெருங்கின சொந்தம், ஒண்ணு 21 செ.மீ., இன்னொன்னு 23, வெறும் கண்ணுக்கு ரெண்டுமே மரத்துல ஒட்டுன பழுப்பு உருண்டை.

வாங்கி எட்டு மாசம் புள்ளி ஆந்தைய மட்டும்தான் பாத்தேன். இருட்டுற நேரம் பொந்துலேர்ந்து எட்டிப் பாக்கும், தலைய ஏத்தி எறக்கி நம்மள மொறைக்கும், அந்த மங்கல்லயும் உச்சந்தலை வெள்ளைப் பொட்டு தனித்தனியா தெரிஞ்சுது. பழைய 10×25ல (10 மடங்கு பெருசா காட்டும், முன்னாடி லென்ஸ் 25 மி.மீ. அகலம்) இதெல்லாம் சான்ஸே இல்ல, 25ஐ 10ஆல வகுத்தா கண்ணுக்கு வர்ற ஒளிவட்டம் 2.5 மி.மீ. தான், இதுல 5.25, சாயங்காலத்துல அந்த வித்தியாசம் அப்படியே தெரியும்.

பிப்ரவரில ஃபாரஸ்ட் அவ்லெட்டத் தேடி மகாராஷ்டிரால இருக்கிற மெல்காட் காட்டுக்குப் போனப்பதான் நெஜ பரீட்சை. 1884க்கு அப்புறம் 113 வருஷம் கண்ணுலயே படாம, அழிஞ்சே போச்சுன்னு நெனச்ச பறவை இது. 1914ல நான் புடிச்சேன்னு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியும் பறவை சேகரிப்பாளருமான மைனர்ட்ஸ்ஹாகன் காட்டுன ஸ்பெசிமன் (பாடம் பண்ணி வச்ச பறவை) மியூசியத்துலேர்ந்து திருடுனதுன்னு கண்டுபுடிச்சு, அத ஒதுக்கிட்டு, பழைய நம்பகமான ஸ்பெசிமன் கெடச்ச எடங்கள்ல தேடித்தான் 1997 நவம்பர்ல அமெரிக்கப் பறவை ஆராய்ச்சியாளர் பமீலா ராஸ்முசன் டீம் மகாராஷ்டிராவோட ஷஹாதா பக்கம் இத மறுபடி பாத்தாங்க.

காலைல எட்டு மணி, எலை கொட்டுன தேக்கு உச்சில, நல்ல வெயில்ல உக்காந்திருந்துச்சு. ஃபோகஸ் வீல லேசா திருப்புனேன், தலைல பொட்டு இல்ல!! நெஞ்சு முழுக்க பழுப்பு, வால்ல தடிச்ச பட்டை, காலுக்கு வெள்ளை ரோமத்துல சாக்ஸ் போட்ட மாதிரி, வால வெடுக் வெடுக்னு ரெண்டு பக்கமும் ஆட்டுச்சு. கை நடுங்கிருச்சு, ஆனா 8 மடங்குங்கறதால படம் ரொம்ப ஆடல, 10 வாங்கியிருந்தா கஷ்டம்தான்.

கொறைன்னா கண்ணு வைக்கிற ரப்பர் கப், ஆறே மாசத்துல லூஸாகி வெளிய வந்துருச்சு, கம்பெனிக்கு ரெண்டு மெயில் போட்டும் பதில் இல்ல, ரொம்ப வருத்தம். கூட குடுக்குற ஸ்ட்ராப்பும் கழுத்த அறுக்குது, அகலமா வேற வாங்கி மாட்டிக்கோங்க. கண்ணாடி போட்டவங்க கப்ப மடிச்சு விட்டுட்டு பாக்கலாம், எனக்கு ஓரம் எதுவும் வெட்டல. லென்ஸுக்கு அஞ்சுக்கு அஞ்சு, ரப்பருக்கு ரெண்டு.